அவன் கேட்டது வெள்ளம்

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். அம்மா வெள்ளம் கோரினாள், வெள்ளம் காய்ச்சினாள், வீட்டுக்கு வந்தவர்களிடம் "வெள்ளம் குடிக்கியளா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் போன பிறகுதான் வெள்ளம் என்றால் ஆறு கரையை உடைத்து ஆடுமாட்டை அடித்துக்கொண்டு போவது என்று தெரிந்தது. பிறகு நானே தமிழாசிரியை ஆனேன். திற்பரப்புப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. 'காகம் வெள்ளம் குடித்தது' என்று பிள்ளைகள் எழுதினால் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'நீர்' என்று திருத்துவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், "லேய், கொஞ்சம் வெள்ளம் எடு" என்று தம்பியிடம் கேட்பேன். ஊருக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. சந்தியில் ஒருவன் ஆடிக்கொண்டே போனால், "ஆளு நல்ல வெள்ளம்" என்பார்கள். தண்ணி என்ற சொல்லின் கதியும் அதுதான். தம்பி குடிக்க ஆரம்பித்த பிறகு, குடிநீரைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒரு சுத்தமான வார்த்தை இல்லாமல் போயிற்று. கொஞ்சநாள் சீரகவெள்ளம் என்று முழுப்பெயர் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்தான். "அக்கா, வாத்தியாரம்மா வேலைய வீட்டுல காட்டாத" என்றான்.

அவன் என்னைவிட ஆறு வயது இளையவன். வளைகுடாவில் பதினொரு வருடம் ஏசி மெக்கானிக். அங்கே வைத்துக் குடித்தானா, அங்கே வைத்து மனம் புரண்டதா, எது முந்தி என்று எல்லோரும் கேட்பார்கள். முட்டையா கோழியா என்று கேட்பதுபோலத்தான். திரும்பி வந்தபோது அவனிடம் இரண்டுமே இருந்தன. சில வாரங்கள் தூக்கமே இல்லாமல், கண் பளபளக்க, ஊருக்கே இலவசமாக ஏசி மாட்டப்போவதாகப் பேசுவான். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடப்பான். பேச்சை அடக்கக் குடித்தான், கிடப்பை எழுப்பவும் குடித்தான். அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பேன். என் கணவர் கல்யாணமான நாலாம் வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் தம்பியும்தான்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இறங்கினால் சானல், பாசனக் கால்வாய். பேச்சிப்பாறை அணையில் ஷட்டர் திறந்தால் அதில் தண்ணீர் வரும், அடைத்தால் சேறும் தவளையும். பங்குனி, சித்திரையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் தம்பிக்கு அது கேட்கும். மதியம் சோறு தின்றுவிட்டு நான் கண்ணயரும் நேரத்தில் அவன் வெறும் சிமெண்டுத் தரையில் கவிழ்ந்து படுத்து, காதை வைத்துக்கொண்டு சொல்லுவான்:

"அக்கா, கேக்கியா? அடியில வெள்ளம் ஓடுது."

ஒருநாள் அவன் இல்லாதபோது நானும் காதை வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் தரையின் குளிர்ச்சி ஏறியது. வெளியே ரப்பர் மரங்களில் சீவிடுப் பூச்சி இரைந்துகொண்டிருந்தது. அடியில் ஏதோ போவதுபோலவும் இருந்தது, போகாததுபோலவும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது கன்னத்தில் சிமெண்டுத் தூசி. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

குடி நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனால், "இவருக்கு மனநோய் இருக்கு, முதல்ல அதைப் பாத்துட்டு வாங்க" என்றார்கள். மனநோய் பார்க்கும் இடத்தில், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் பஸ்ஸில் உட்கார்ந்தே என் ஒரு வருட விடுப்பெல்லாம் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் நாகர்கோவிலில் அந்த டாக்டர் கிடைத்தார். இரண்டையும் சேர்த்தே பார்ப்பேன் என்று சொன்ன முதல் ஆள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

"என்ன பண்ணுது?" என்று அவர் கேட்டார்.

"எனக்க வீட்டுக்கு அடியில வெள்ளம் ஓடுது டாக்டர்" என்றான் தம்பி.

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "எப்ப வந்துச்சு வெள்ளம்? வீடு பாதிக்கப்பட்டுச்சா?" என்று கவலையோடு கேட்டார்.

நான் இடையில் புகுந்தேன். "சார், அது வெள்ளம் இல்ல. வெள்ளம்."

அவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு வைத்தியம் என்ற சந்தேகம் வந்திருக்கும். தமிழாசிரியை என்ற பெருமையோடு மூன்று பொருளையும் விளக்கினேன். அவர் அதைத் தன் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். தம்பி சத்தம்போட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

அவர் லித்தியம் மாத்திரை தொடங்கினார். அதற்கும் உடம்பில் உள்ள நீருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றார். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தாலோ, வெயிலில் அதிகம் வியர்த்தாலோ மருந்து உடம்பில் தங்கி விஷமாகலாம். கை அதிகமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், நாக்குக் குழறினால் மாத்திரையைக் கொடுக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

அந்த டாக்டர்தான் எங்களைப்போன்ற வீட்டார் கூடும் இடத்தைச் சொன்னார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மாடியறை. குடியும் மனநோயும் சேர்ந்து பிடித்தவர்களின் அம்மாக்கள், மனைவிகள், இரண்டு மூன்று அப்பாக்கள். குலசேகரத்தில் பஸ் ஏறினால் நாகர்கோவில் வரை எனக்கு அரைத்தூக்கம்தான். வேளிமலை ஜன்னலில் கூடவே வரும், குளத்துத் தாமரை வந்துவந்து போகும். மாடியறையில் ஆரல்வாய்மொழிக் காற்று அடித்து நாள்காட்டித் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கும். அங்கே யாரும், "நீங்க கொஞ்சம் கண்டிச்சு வளத்திருக்கலாம்" என்று சொல்லமாட்டார்கள். அதற்காகவே ஒன்றரை மணிக்கூறு பஸ்ஸில் போகலாம்.

அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி. வீட்டில் குடிக்கிறவன்மேல் கத்தவேண்டும்போல இருந்தால், அவனிடம் கத்தாமல் கூட்டாளிக்குப் போன் போட்டுக் கத்த வேண்டும். எனக்கு வாய்த்தவள் கடற்கரைக்காரி. மீன் விற்பவள், என் வயது. முதல்நாளே என்னை "ஏட்டி" என்றாள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் டீச்சர் என்றல்லாமல் விளித்ததில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவளுடைய மாப்பிள்ளைக்கு, புருஷனை அப்படித்தான் சொல்லுவாள், கடலில் இருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களை மறக்கக் குடிப்பார். "எனக்க ஆளுக்கு கடலு, ஒனக்க தம்பிக்கு சானலு. ஒனக்குள்ளது சின்ன வெள்ளமாக்கும், ஏன்டி கண்ணீரு விட்டுக் கரையுத?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஏட்டி பழகிப்போனது.

எங்களுக்குள் ஒரு சண்டை மட்டும் தீரவில்லை. அவள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும், குடித்திருக்கிறாரா என்று மூக்கை வைத்து வாயை மணந்து பார்ப்பாள். அது எனக்குக் கேவலமாகப் பட்டது. நான் ஆரம்பத்தில் அப்படிச் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் தம்பி, "நாய் மாதிரி மணக்காத அக்கா" என்று சொன்னபோது விட்டுவிட்டேன். இனி அவனை மதிப்பேன், மணக்கமாட்டேன் என்று மாடியறையில் எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை.

"செவுளத் தூக்கிப் பாக்காம மீனு வாங்குவியாட்டி நீ?" என்றாள். "கண்ணப் பாத்தா எல்லா மீனும் நல்ல மீனுதான். அழுகினத தள்ளதுக்கு மட்டுமா மணக்கோம்? நல்லத வீணாத் தூரப் போடாண்டாம்னுதான் மணக்கோம்."

மீனுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் இல்லையா என்று நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

மாத்திரை தொடங்கி ஒரு வருடம் ஏறியும் இறங்கியும் போனது. பிறகு தம்பி நின்றான். ஒரு சொட்டு இல்லாமல் ஏழு மாதம். மகள் போனில் பேசத் தொடங்கியிருந்தாள், சித்திரை விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்காக மச்சு அறைக்கு வெள்ளையடித்தான். நான் அந்த நாட்களில் தரையில் கால் பாவாமல் நடந்தேன் என்றே சொல்ல வேண்டும். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று ஊர் சொன்னது. ஊர் தோற்கப்போகிறது என்று எனக்குள் ஒரு ரகசியக் களிப்பு.

அந்தச் சித்திரையில் வீட்டுப் பலாமரத்தில் சக்கை பழுத்தது. இரண்டு நாள் அதையே தின்று அவனுக்கு வயிற்றாலே போனது. பால் விடாத கட்டன்சாயாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். மூன்றாம்நாள் காலையில், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வறண்ட சானலுக்குள் இறங்கிப் போனான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மதியம் ஆகியும் வரவில்லை. நான் முன்னறையில் ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்றைய வெளிச்சம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எல்லாப் பொருளும் கொஞ்சம் மிதப்பதுபோல, மரம் தன் நிழலை விட்டு விலகி நிற்பதுபோல ஒரு வெளிச்சம்.

அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து அவன் வந்தான். ஆடிக்கொண்டு வந்தான். ஒரு கால் முன்னால் போனால் மறுகால் எங்கே வைப்பது என்று யோசித்தது. படியைப் பிடித்தான், பிடி வழுக்கியது. வாய் ஓரத்தில் எச்சில். பத்து வருடமாக எனக்குத் தெரிந்த நடை அது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லுவேன்.

"அக்கா" என்றான். நாக்கு தடித்திருந்தது. "வெள்ளம்."

ஏழு மாதமும் என் தலைக்குள் சரிந்து விழுந்தது. வெள்ளையடித்த அறை, வரப்போகிற பிள்ளை, ஊருக்கு முன்னால் நான் ஜெயிக்கப்போன ஜெயிப்பு, எல்லாம். அவமானத்தில் உடம்பு எரிந்தது.

"வெள்ளமா? அடிச்சது போதாதால ஒனக்கு?" என்றேன். "எங்க குடிச்சியோ அஞ்சயே போய்க் கெட."

கதவைச் சாத்தித் தாப்பாளைப் போட்டேன். பழைய இரும்புத் தாப்பாள், கடகடவென்று இழுபடும்.

பிறகு உட்கார்ந்து தாள் திருத்தினேன். இதை மறைக்காமல் எழுதவேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். வெளியே அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "வெள்ளம்" என்று இன்னும் மூன்று தடவை. மூன்றாவது தடவை பாதிச் சொல்தான் வந்தது. நான் யாரோ ஒரு பிள்ளையின் தாளில் பிழை சுழித்துக்கொண்டிருந்தேன். அவன் என் அம்மாவின் சொல்லில் கேட்டான். எனக்கு ஊர்ச்சந்தியின் சொல்லாகக் கேட்டது. பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கப் பொருள் விளக்கம் சொல்லுகிறவள் நான்.

சத்தம் நின்ற பிறகும் கோபம் நிற்கவில்லை. வழக்கப்படி கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"குடிச்சிட்டு வந்து படியில கெடக்கான்" என்றேன். "ஏழு மாசமும் போச்சு. நாளைக்கு அவனுக்க பிள்ள வருகா, அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

அவள் சந்தையில் இருந்தாள். பின்னால் இரைச்சல். "மணந்து பாத்தியாட்டி?"

"என்னத்த மணக்க? ஆடிட்டுல்லா வந்தான். நாக்கு குழறுது."

"வயித்துக்கு சொகமில்லன்னு சொன்னியே முந்தாநாளு. மாத்திரயத் தின்னானா?"

"அது ரெண்டு நேரமும் நான்தான் குடுக்கேன்."

இரைச்சலை விட்டு அவள் விலகி வருவது கேட்டது. குரல் மாறியிருந்தது. "ஏட்டி, போன வைக்காத. போ. போயி அவன் வாயில ஒனக்க மூக்க வையி."

தாப்பாளை இழுத்தேன். அவன் படியோரம் ஒருக்களித்துக் கிடந்தான். கை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. குனிந்து, முகத்தோடு முகம் வைத்து, நெடுநாளைக்குப் பிறகு என் தம்பியின் வாயை மணந்தேன். சாராயம் இல்லை, பீர் இல்லை. காய்ந்த வாயின் மணம் மட்டும், காய்ச்சல்காரப் பிள்ளையின் வாய்போல. அவன் உதடு சானல் சேறுமாதிரி வெடித்திருந்தது.

"மணமில்ல" என்றேன். "மணமில்லட்டி."

"அப்பம் அது குடியில்ல, மருந்தாக்கும். ஆட்டோவ விளி. நான் டாக்டருக்குப் போன் போடுகேன்."

ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. ரப்பர் தோட்டங்கள், பாலம், மறுபடியும் ரப்பர் தோட்டங்கள். எதிலும் சத்தமே இல்லை. சாலை முழுக்கக் கானல் நீர் கிடந்து, நாங்கள் நெருங்க நெருங்க விலகிப் போயிற்று. அலமாரிக் கதவில் நான் எழுதி ஒட்டிய வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கை நடுங்கினால். நடை தள்ளாடினால். நாக்குக் குழறினால்.

நாகர்கோவிலில் இயந்திரம் வைத்து அவன் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வராந்தாவில் டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "வெள்ளம் கேட்டாரா?"

எங்கள் சொல்லை, எங்கள் பொருளிலேயே கேட்டார். தஞ்சாவூர்க்காரருக்கு அது மறக்கவில்லை.

"இல்ல சார்" என்றேன். "கேக்கல்ல."

தம்பி பிழைத்தான். ஆனால் மருந்து விஷமானதில் மூளையின் ஒரு மூலை அடிபட்டுவிட்டது. நடையின் ஆட்டம் போகவில்லை. பேச்சு கொஞ்சம் இழுக்கும், கை நடுங்கும். லித்தியத்தை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வருடம், இன்றுவரை அவன் குடிக்கவில்லை. ஆனால் அவன் சந்திக்குப் பால் வாங்கப் போனால், "காலையிலேயே ஏத்தியாச்சு" என்கிறார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது வாய் எழும்பாது. அவர்கள் செய்வதைத்தானே நானும் செய்தேன். அவனுடைய மகள் மட்டும் விடுமுறைக்கு வந்தால் அவன் கையைக் கோத்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து ஆடி ஆடி சந்திவரை நடந்து காட்டுவாள்.

மாடியறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் இப்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லுகிறேன். ஆடிக்கொண்டு வந்தால் முதலில் தண்ணீர் கொடுங்கள், மணந்து பாருங்கள், ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். கோபம் எங்கேயும் போய்விடாது, அதைப் பிறகு படலாம். ஆனால் தாப்பாளைப் பற்றி அங்கே யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கும்போது கடற்கரைக்காரியிடம் மட்டும் சொன்னேன். கதவடைத்ததை, அவன் கேட்டதை, டாக்டரிடம் சொன்ன பொய்யை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீ தாப்பாள இழுத்தது போன்ல கேட்டுது. நான் எத்தன மட்டம் இழுத்துப் போட்டிருக்கேன், எனக்கா அந்தச் சத்தம் தெரியாது?"

"இவ்வளவு நாளும் ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீ பொய் சொல்லியிருப்ப" என்றாள். "எனக்கிட்ட சொல்லி என்னட்டி ஆவப்போவுது? போயி அவன்கிட்ட சொல்லு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு எங்கோ கேட்ட இரைச்சல் காலையில் உண்மையாகியிருந்தது. சானலில் தண்ணீர் வந்திருந்தது. தம்பி பின்படியில் உட்கார்ந்து, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, நுரை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாசியும் சருகும் மெதுவாகச் சுழன்று போயின. கொஞ்சநேரத்தில் தண்ணீர் நிற்பதுபோலவும் நாங்கள் இருவரும் படியோடு நகர்ந்து போவதுபோலவும் இருந்தது.

"மக்கா" என்றேன். "அன்னைக்கு நீ வெள்ளம் கேட்ட. எனக்குக் கேட்டுது. நான் கதவ அடச்சுத் தாப்பாளப் போட்டேன்."

அவன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதுபோல மெதுவாகப் பேசினான்.

"அது தாப்பாளா? கடகடன்னு கேட்டுது. அணையில ஷட்டர் தொறக்காங்கன்னு நெனச்சேன். வெள்ளம் வருது, இப்பம் வந்திரும்னு கெடந்தேன்." என் பக்கம் திரும்பினான். "எவ்வளவு நேரம் கெடந்தேன் அக்கா?"

"ஒரு மணிக்கூறு."

அவன் யோசித்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"பேச்சிப்பாறையில தொறந்தா இஞ்ச வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்லா" என்றான்.

அவன் கையிலிருந்த தம்ளர் காலியாக இருந்தது. அதை வாங்கி, உள்ளே போய் நிறைத்துக்கொண்டு வந்தேன்.